மண்டை நாச்சி

கார்னர் அடித்தவனின் பேர் வரவில்லை. முகம் வருகிறது. மேலுதட்டில் பென்சிலால் இழுத்த மாதிரி இருந்த மீசை வருகிறது. மழையில் ஊறிய பந்தைக் கொடி நட்ட மூலையில் வைத்துவிட்டு, கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு தட்டுத் தட்டுவானே, அதுகூட வருகிறது. பேர் மட்டும் வரவில்லை. காலையில் இருந்தது. சவரம் செய்துகொண்டே மனைவி ஜோதிமணியிடம் அந்த கோல் கதையைச் சொல்லிப் பார்த்தபோது தானாக வந்து வாயில் உட்கார்ந்தது. இப்போது பிள்ளைகளின் பந்து முகாம் நிறைவு விழா மேடையில், நாலரை மணி வெயிலில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தை அரிக்கும் சால்வையோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருவதுபோல நாச்சிமுத்துவின் மனசு அங்கேயே போய் வந்தது. பாலக்காட்டுக்காரன். உண்ணியா? உண்ணி ரிசர்வ் கோல்கீப்பர். வாசு? வாசு மில் பஸ் ஓட்டியவன். 'க'வில் ஆரம்பிக்கும் என்று தோன்றியது, ஏன் தோன்றியது என்று யோசித்ததும் அந்த 'க'வும் கரைந்து போயிற்று. முன்வரிசையில் ஜோதிமணி பச்சைச் சேலையில், மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை அவள் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். ஆறு மாசமாக அவர் வெளியாட்களிடம் பேசும்போதெல்லாம் இப்படித்தான் வாயையே பார்க்கிறாள், விளிம்புவரை நிரப்பிய டம்ளரைக் குழந்தை தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிற மாதிரி. ஐந்து தடவை சொல்லிப் பார்க்க வைத்தாள். ஐந்தாவது தடவை, "போதுங்க, நல்லா வருது" என்றாள். நல்லா வருது. மூணாங்கிளாஸ் பையனுக்கு மனப்பாடச் செய்யுள் நல்லா வருது.

மைக்கில் பிரேம்நாத் பேசிக்கொண்டிருந்தான். உதயதாரகை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் செயலாளர், கோச், பந்துக்குக் காற்றடிப்பவன், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுபவன், எல்லாம் அவன்தான். நாற்பத்தாறு வயசு. மாவட்ட டீமில் பதினெட்டு வருசம் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புகிறவன். அண்ணனைப் பார்த்துத்தான் நான் ஸ்டாப்பர் ஆனேன் என்று வீட்டுக்கு வந்து அழைத்தபோது சொன்னான், இப்போது மைக்கிலும் அதையே சொல்கிறான். "எண்பத்தாறாம் வருசம், கோழிக்கோட்டு ஃபைனல். மழை. எண்பத்தெட்டாவது நிமிசம். நம்ம மில் டீமுக்கு ஒரு கார்னர். ஒரே முட்டு! அன்னிக்கு வெச்ச பேரு, மண்டை நாச்சி!" கூடியிருந்த அப்பா அம்மாக்களும் அறுபது எழுபது பிள்ளைகளும் கை தட்டினார்கள். நாச்சிமுத்து கும்பிட்டார். கைதட்டல் அடங்கியதும் அடியிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி எழுந்தது. தொப். மைதானத்தின் அந்தக் கோடியில், நிகழ்ச்சி முடிவில் செய்து காட்டுவதற்காகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்று பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கையால் பந்தைத் தூக்கிப் போட, எதிரில் நிற்கும் பிள்ளை நெற்றியால் முட்டித் திருப்புகிறது. தொப். வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணிக்கொண்டிருக்கிறார். தொண்ணூற்றி மூணு. தொண்ணூற்றி நாலு. அந்தக் காலத்துக் கோச் வர்கீஸ் மாஸ்டர் மில்லின் கழிவுப்பஞ்சுக் குடோனில் உத்தரத்திலிருந்து தேங்காய்நார்க் கயிற்றில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். "நூறு. அப்பறம் டீ." நூறு முட்டினால்தான் டீ. கண்ணை மூடாதே, பந்தைப் பார், நெத்தியைக் கொடு, கழுத்தை இறுக்கு. தோல் பந்து. மழையில் தண்ணீர் குடித்துக் குடித்து சாக்கில் கட்டிய ஈரமணல் மாதிரி கனக்கும். முட்டிய நொடியில் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெட்டும், வாயில் இரும்பை நக்கின ருசி. அந்த ருசி அவருக்குப் பிடித்திருந்தது. ஒருதடவை சேலத்தில், இடைவேளைக்கு நடந்துபோய் எதிர் டீமின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, இவர்கள் ஏன் மஞ்சள் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். முப்பத்தைந்து வருசமாகக் கல்யாணத்தில், காதுகுத்தில், டீக்கடையில் எல்லாரையும் சிரிக்க வைக்க அந்தக் கதையைத்தான் சொன்னார். அப்போது வயசு இருபத்து நாலு. இருபத்து நாலிலேயே ஆரம்பித்துவிட்டதா? எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டு பின்னால் போகப் போக, ஒவ்வொரு சிரிப்புக்கு அடியிலும் அது முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நூற்றி எட்டு. நூற்றி ஒன்பது.

காதர் மொய்தீனை யோசிக்கக்கூடாது என்று வைத்திருந்தார், வந்துவிட்டான். உக்கடத்தில் மகன் வீட்டில் இருக்கிறான் காதர். ஒன்பது வருசம் கோலுக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள், அவன் முட்டாத பந்தை இவர் முட்டினார், இவர் விட்டதை அவன் முட்டினான். தை மாசம் பார்க்கப் போனபோது வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தான். மேசையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான், மேசையில் ஒன்றுமில்லை. "உக்காருங்க, டீ சாப்புடுங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான். ஒன்பது வருசம் அவரை 'டேய் நாச்சி' தவிர வேறெப்படியும் கூப்பிடாதவன். டீ வந்தது. குடித்து முடித்தபோது அவர் பக்கம் குனிந்து, ரகசியம்போல, "நீங்க எந்த டீமுங்க?" என்று கேட்டான். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு முன்னால் யேசுபாலன். கடைசி வருசம் அவன் தினமும் விடிந்ததும் பூட்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவானாம். மைதானத்தில் அடுக்குமாடி வந்து பதினைந்து வருசம் ஆயிற்று. வாட்ச்மேன் சேரில் உட்காரவைத்து வீட்டுக்குப் போன் பண்ணுவான். மூன்று பேர். பந்தை முட்டுவதற்காகவே மில்லில் சம்பளம் வாங்கிய மூன்று பேர். காலால் ஆடினவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அந்தக் கார்னர் அடித்தவன், பேர் வராதவன், பாலக்காட்டில் பேக்கரி நடத்துகிறான், போன வருசம் போனில் பேசியபோது கோழிக்கோட்டு ஃபைனலில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை சொன்னான். மார்ச்சில் டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார். வட்டம் நன்றாக வந்தது, எண்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்க் கூட்டமாக நின்றுவிட்டன. மாம்பழம், சாவி, ரயில் என்று மூன்று சொல் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டார். மாம்பழம் இருந்தது. சாவி இருந்தது. மூன்றாவதை வீட்டுக்கு வந்து ஜோதிமணி சொல்லித்தான் தெரியும். "தலைல எப்பவாவது அடி பட்டிருக்குங்களா?" என்று கேட்டார் அந்த டாக்டர், சின்ன வயசு. "அடியா? இல்லீங்க டாக்டர்" என்றார் நாச்சிமுத்து. ஜோதிமணிதான் மெதுவாக, "பந்து?" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினம் எத்தனை தடவை, எத்தனை வருசம் என்று கேட்டார். அவர் பெருமையாகச் சொன்னார், நூறு, நூற்றைம்பது, பதினாலு வருசம். பெருமையாகச் சொன்னார்! ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆனால் இது கூடிக்கொண்டுதான் போகும் என்றார். ஜோதிமணி வெளியே வந்து செருப்பு போட மறந்து ரோடுவரை வெறுங்காலில் நடந்தாள். இன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அதப்பத்தி ஒண்ணும் பேசிப்போடாதீங்க. கோயில் மாதிரி நடத்துறான் அந்தப் பிரேமு. புள்ளைக சந்தோசமா இருக்கட்டும்" என்றாள். சரி என்றார். நூற்றி நாற்பதா, நூற்றி ஐம்பதா. எண்ணிக்கை விட்டுப்போயிற்று, அது எண்ணம் சிதறியதாலா அல்லது அந்த நோயாலா என்ற பயம் வந்தது. இப்போதெல்லாம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தீப்பெட்டியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போனாலும் அந்தப் பயம் வந்து நிற்கிறது.

"அண்ணா, வாங்ணா" என்றான் பிரேம்நாத். எழுந்தார். மைக் வாய்க்கு நேராக இருந்தது. எல்லாருக்கும் வணக்கம் என்றார். குரல் நன்றாக வந்தது. நூறு முட்டினால் டீ என்ற கதையைச் சொன்னார், சிரித்தார்கள். சேலத்தில் எதிர் டீம் பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொல்ல மாட்டேன் என்று காலையில் தீர்மானித்திருந்தார், சொல்லவில்லை. ஜோதிமணியின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு வாய் தானாகக் கோழிக்கோட்டுக்குப் போயிற்று, மழைக்குப் போயிற்று, கொடி நட்ட மூலைக்குப் போயிற்று. அங்கே போய் நின்றது. "அப்ப கார்னர் எடுக்க வந்தது..." என்றார். எழுபது பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை எங்கோ சிணுங்கியது. "வந்தது நம்ம..." பிரேம்நாத் பின்னாலிருந்து மெல்ல, "கிருஷ்ணன் குட்டி அண்ணன்" என்றான். அதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேர் அவருக்கு எதையும் செய்யவில்லை. பேரைக் கேட்டதும் ஒரு கதவு திறந்துகொள்ளும் என்று நினைத்தார், திறக்கவில்லை. ஏதோ கடை போர்டில் படித்த பேர்போல இருந்தது. அந்தப் பேரை எடுத்து அந்த மீசைக்குக் கீழே வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. ஒன்பது வருசம் ஒரே பஸ்ஸில் தோளில் தூங்கியவன். "ஆமா, கிருஷ்ணன் குட்டி" என்று மைக்கில் சொன்னார், பொய்சாட்சி சொல்கிற மாதிரி.  "கார்னர் வந்துது. நான் முட்டினேன். கோல்" என்று முடித்துவிட்டார். கை தட்டினார்கள். பிரேம்நாத்துக்குப் போதவில்லை. "இருங்ணா, இருங்ணா. ஏய் இளவேனில், இங்க வா கண்ணு!" என்று கூப்பிட்டான். பன்னிரண்டு வயசு இருக்கும், இரட்டைச் சடை, நெற்றி நடுவில் சுண்ணாம்பும் மண்ணும் வட்டமாக அப்பியிருந்தது. "இந்த முகாம்லயே நல்லா முட்டறது இந்தப் புள்ளதானுங்ணா. பையனுகளெல்லாம் பக்கத்துல வர முடியாது. இன்னிக்கு மட்டும் எத்தன கண்ணு?" அவள் வெட்கத்தோடு, "நூத்தி அறுபது சார்" என்றாள். பெருமையாகச் சொன்னாள். "அண்ணா, கீழ எறங்கி வாங்ணா, ஒரேயொரு ஹெடர். புள்ளைக பாக்கட்டும்." எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். ஜோதிமணி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

இறங்கினார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, புல் காலுக்கடியில் இருந்தது, அந்தப் பெண் பத்தடியில் நின்று பந்தை உயர்த்தினாள். கழுத்து தானாக இறுகியது. கிருஷ்ணன் குட்டியைத் தொலைத்த உடம்பு இதைத் தொலைக்கவில்லை. பின்னங்கால் ஊன்றிக்கொண்டது, கண் பந்தைக் கவ்வியது, நெற்றித் தோல் அந்த வெள்ளை வெட்டுக்காகக் காத்திருந்தது, அவருக்கு அது வேண்டியிருந்தது, நாய்க்குப் பசிக்கிற மாதிரி வேண்டியிருந்தது. பந்து வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  யாரோ ஒரு அப்பா, "ஹேண்ட் பால்!" என்று கத்த, மைதானம் சிரித்தது. நாச்சிமுத்து பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக் இல்லாமலே, மைதானத்தில் பின்னால் நிற்பவனைக் கூப்பிடுகிற பழைய குரலில் பேசினார். "நான் இதச் சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன். கொஞ்ச முன்னாடி ஒருத்தன் பேரு வரலைன்னு நின்னனே, அது வயசு இல்லீங்க. டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டாரு. என்ற கூட ஆடுன காதருக்கு என்னைத் தெரியாது. யேசுபாலன் செத்துட்டான், சாகும்போது அவன் பொண்டாட்டியத் தெரியாது. நாங்க மூணு பேருமே முட்டறவங்க. பந்துனாலதான்னு சத்தியம் பண்ண என்னால ஆகாது, டாக்டராலயும் ஆகல. ஆனா இந்தப் புள்ள நெத்தியப் பாத்துட்டு நான் சும்மா ஊட்டுக்குப் போக முடியாதுங்க." இன்னும் என்னவோ சொல்ல இருந்தது. வாக்கியம் நடுவில் அறுந்துவிட்டது, எதைச் சொல்ல வந்தோம் என்று தேடினார், கக்கத்தில் பந்து இருந்தது, யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தை எல்லாருமே பார்த்தார்கள். பேச்சைவிட அதுதான் அவர்களைப் பயப்படுத்தியது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா வந்து இளவேனிலின் தோளைப் பிடித்து இழுத்து முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள், துடைத்தால் போய்விடும்போல. "சார், எங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா? மூணு வருசமா அனுப்பறோமுங்களே" என்று பிரேம்நாத்திடம் கேட்டாள். பிரேம்நாத் மைக்கைப் பிடித்தபடி, "இப்பத்திப் பந்தெல்லாம் தண்ணி குடிக்காதுங்க... லேசானதுங்க..." என்றான். அவன் கை தானாகத் தன் நெற்றிக்குப் போவதை நாச்சிமுத்து பார்த்தார். சான்றிதழ்களை யார் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நாட்டுப்பண் பாதியில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று பிரேம்நாத் காரை எடுத்தான். நாச்சிமுத்து முன்னால், ஜோதிமணி பின்னால். திட்டுவான் என்று நினைத்தார், திட்டட்டும், பத்து வருசமாக அந்தப் பொட்டல்காட்டில் கல் பொறுக்கிப் புல் வளர்த்தவன். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லீருக்கலாமுங்ணா" என்றான், அவ்வளவுதான். ஜோதிமணி பின்னாலிருந்து, "நாந்தான் தம்பி சொல்ல வேண்டாமுன்னேன்" என்றாள்.  சொன்னது சரிதானா என்று அவர் மனசு சுற்றிச் சுற்றி வந்தது, அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போனதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது, அதையாவது மறக்கக்கூடாதா. சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. பிரேம்நாத் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அண்ணா, உங்களுக்கு மொதல்ல எது மறந்துச்சு?" அப்போதுதான் அவர் அவனைச் சரியாகப் பார்த்தார். புருவத்துக்கு மேலே தையல் தழும்பு, அவருக்கு இருக்கிற அதே இடத்தில். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அது வயசுப்பா, உனக்கெல்லாம் ஒண்ணும் வராது என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. "பேரு" என்றார். "ஆளுக பேரு." பிரேம்நாத் மூச்சை விட்டான், சிரிப்புக்கூட வந்தது. "பேரா? எனக்குப் பேரெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குதுங்ணா. நம்ம மாவட்ட டீம், ரெண்டாயிரத்து மூணு, மதுரைல கப் அடிச்சமே, வேணும்னா சொல்றனே. கோலி மன்சூர். ரைட் பேக் டோமினிக். லெப்ட் பேக் சிவானந்தம். ஸ்டாப்பர்ல நானும் பத்ரியும். நடுவுல ஜெயசீலன், அவிநாசியப்பன்." விரலை மடக்கி மடக்கிச் சொன்னான், வேகமாக, கந்தசஷ்டி கவசம் சொல்வதுபோல. "ரைட்ல துளசிராம். முன்னாடி ஹென்றி, அப்பறம் நம்ம பொள்ளாச்சி ரஃபீக். லெப்ட்ல..." பத்து விரலும் மடங்கியிருந்தன. "லெப்ட்ல நெட்டையா ஒருத்தன் ஆடுவானுங்ணா, செவப்பா, வாயில எப்பவும் பாக்கு... என்ற கல்யாணத்துக்கு மாப்பிளத் தோழனே அவந்தான்..." பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அதன் பின்னால் இன்னொன்று. ஜோதிமணி, "தம்பி" என்றாள். நாச்சிமுத்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.